ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளை

மதியம் பன்னிரண்டே முக்கால் தாண்டிவிட்டது. கம்பெனி கேட்டுக்கு வெளியே, தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் நிற்கிறேன். பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது, முந்தானையை இழுத்து மூடியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் சைக்கிள் கடைக்கும் விறகுத் தொட்டிக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தின் ஆறாவது வீட்டில் என் நாலு மாதப் பெண் குழந்தை பசியோடு இருக்கிறது.

லாரி வருகிறது. அதன் வாலைப் பிடித்தபடி இன்னொரு லாரி. பின்னால் பஸ், பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு கார். இந்தப் பாதி ஓய்ந்தால் அந்தப் பாதியில் வருகிறது, அந்தப் பாதி ஓய்ந்தால் இந்தப் பாதியில். என் வலது கால் தாரில் இறங்குகிறது, மறுபடி மண்ணுக்கு ஏறுகிறது. இப்படிப் பத்துத் தடவை.

எனக்குப் பாம்பு பயம் கிடையாது. இருட்டு பயம் கிடையாது. கல்யாணமான புதிதில்கூட மாமியார் பயம் கிடையாது. ரோடு என்றால் மட்டும் கால் இறங்காது. "ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் போனா ஒண்ணும் ஆவாதும்மா" என்று புத்தி சொன்னவர்கள் ஆயிரம் பேர். அந்த ரோட்டில் ஒரு மதியம் நின்று பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.

நான் ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கதையைப் போன வாரங்களில் சொல்லி முடித்துவிட்டேன். இந்த வாரம் எழுதப்போவதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது துணிச்சல் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதும்போது எதிரே ஒருவர் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, அவ்வளவுதான்.

பால் டைம்

எழுபதுகளின் கடைசியா, எண்பது பிறந்துவிட்டதா, சரியாக நினைவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளை ஒட்டி, ஷூ அப்பர் தைக்கும் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். அதை மட்டும் இங்கே தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். பொம்பளைகளைத்தான் வேலைக்கு எடுத்தார்கள். விரல் மெல்லிசு, வாயும் பேசாது என்று நினைத்திருப்பார்கள். வாய் விஷயத்தில் நன்றாக ஏமாந்துபோனார்கள்.

எனக்கு டேபிள் வேலை. தோலின் ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். சொல்யூஷன் என்பது பசை. அதன் வாடை விரலை விட்டுப் போகாது. முதல் நாள் அந்தக் கையோடு பாப்பாவைத் தூக்கியதும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. அதன் பிறகு சோப்பு போட்டு, எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்து, கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தூக்குவேன்.

ஒரு மணிக்குச் சங்கு ஊதினால் சாப்பாட்டு நேரம். ஒன்றரைக்கு மறுபடி டேபிளில் இருக்க வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் பாய் நல்ல மனுஷன். கைக்குழந்தைக்காரி என்று தெரிந்ததும், "நீ கால் மணி முன்னாடியே போய்க்கோம்மா. ஆனா ஒன்ரைக்கு டாண்ணு வந்துடணும், லேட்டானா எனக்குத்தான் பேஜாரு" என்றார். இதற்கு நாங்கள் வைத்த பெயர் பால் டைம். அந்த ஷெட்டில் பால் டைம் வாங்கியவள் அப்போது நான் ஒருத்திதான்.

வீடு அஞ்சு நிமிஷ நடை. ரோட்டைத் தாண்ட மட்டும் சில நாள் பத்து நிமிஷம், சில நாள் கால் மணி. எனக்குக் கொடுத்த கால் மணியை ரோடே தின்றுவிடும்.

அது சும்மா ரோடு இல்லை. மெட்ராஸ்–பெங்களூர் ரோடு. ஊர் இரண்டு பக்கமும் வளர்ந்துவிட்டது, ரோடு ஊரைக் கண்டுகொள்ளவே இல்லை. சிக்னல் கிடையாது, போலீஸ்காரர் கிடையாது. நடுவில் தேய்ந்துபோன ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. அதுவும் மழைக்குப் பிறகு நாலு மாசத்துக்குத் தெரியாது.

வெள்ளைப் புடவைக்கு நின்ற வண்டிகள்

இந்தப் பயம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. நான் பிறந்து வளர்ந்தது வேலூர். அம்மா அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வரும்போது என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருவார். பஜார் ரோட்டில் அம்மா வெள்ளைப் புடவையோடு கால் வைத்தால் போதும். ரிக்‌ஷா நிற்கும், ஜட்கா நிற்கும், டவுன் பஸ்கூட முனகிக்கொண்டே நிற்கும்.

"உன்னப் பாத்து எல்லாரும் பயப்படறாங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயம் இல்லடி. அவன் வீட்ல ஒருத்தரு எந்த வார்டுலயாவது படுத்திருப்பாங்க. இல்லன்னா நாளைக்குப் படுப்பாங்க. அத நெனச்சிக்கிறான்."

அந்தத் தைரியத்தில் வளர்ந்தவள் நான். ரோடு என்றால் நமக்காக நிற்கும் என்று நினைத்திருந்தேன். ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அம்மாவின் பழைய வெள்ளைப் புடவை ஒன்றை வேண்டுமென்றே கட்டிக்கொண்டு போய் ரோட்டோரம் நின்றேன். சிரிக்க வேண்டாம், உண்மை. ஒரு வண்டி நிற்கவில்லை. பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு மூன்று நாளாகத் தூங்காமல் ஓட்டி வருகிறவனுக்கு எங்கள் வார்டும் தெரியாது, எங்கள் ஊரும் தெரியாது. புடவை முழுக்கப் புழுதியானதுதான் மிச்சம். உள்ளே போனால் ஒருத்தி பதறிப்போய், "யாரு வூட்ல சாவு?" என்று கேட்டாள். அந்தப் புடவையை அன்றோடு மூட்டை கட்டிவிட்டேன்.

சங்கிலி

காலையிலும் சாயங்காலமும் எனக்குக் கவலையில்லை. எல்லாப் பெண்களும் சேர்ந்து தாண்டுவோம். அதற்குச் சங்கிலி என்று பெயர். முப்பது நாற்பது பேர் வரிசையாகக் கைகோத்து நிற்போம். சாயங்காலம் வீடு திரும்பும்போது ரோட்டின் முதல் பாதிக்கு வலது பக்கமிருந்து, வேலூர் பக்கமிருந்து, வண்டி வரும். அதனால் வலது கோடியில் கன்னியம்மா. தையல் மெஷின்காரி, ஆள் உயரம், கையில் எப்போதும் ஒரு மடக்கிய குடை. நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் வாணியம்பாடி பக்கமிருந்து, இடது கையில் வரும். அந்தக் கோடிக்கு அதேபோல இன்னொரு தைரியசாலி. நடுவில் பயந்தாங்கொள்ளிகள். என் இடம் எப்போதும் நட்டநடு.

கன்னியம்மா குடையை லாரிக்கு நேரே நீட்டிக்கொண்டு, "ஓடாதிங்க. நிக்காதிங்க. திரும்பாதிங்க. எம் பின்னாடியே நடங்கடி" என்று ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டு போவாள். லாரிக்காரன் திட்டுவான். அவள் அவனுடைய அம்மாவை விசாரிப்பாள். நாங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருப்போம்.

தனியாகத் தாண்டுகிறவர்களைத்தான் பார்க்கச் சகிக்காது. கம்பெனி வாசலில் நின்று நின்று நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். மாட்டைத் தடுப்பதுபோல லாரிக்கு உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே போகிறவர்கள் ஒரு ரகம். கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஒரு ரகம். தலைமேல் தோல் கட்டு வைத்திருந்தால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, அவர்கள் கடவுளை நம்பி நடப்பார்கள். டேனரி முதலாளிகள் ரோட்டைப் பார்ப்பதே இல்லை, ஊரே தங்களுக்கு ஒதுங்கும் என்ற நினைப்பு. இவர்கள் எல்லாரையும்விட ஆடுகள் மேல். ஓர் ஆடு தாண்டினால் மீதி ஆடுகள் யோசிக்காமல் பின்னால் போய்விடும்.

மதியத்தில் சங்கிலி கிடையாது. எல்லாரும் டிபன் கொண்டுவந்து உள்ளேயே சாப்பிடுவார்கள். பால் டைம்காரி மட்டும் தனியாக வந்து தார் ஓரத்தில் நிற்க வேண்டும்.

ஹாரன்

முதலில் அது பயம் மட்டுமாக இருந்தது. காசிம் பாய்க்கு நடந்ததைப் பார்த்த பிறகு அது என் உடம்புக்குள் ஏறிவிட்டது.

காசிம் பாய் எங்கள் கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங்கில் வேலை செய்தவர். ஐம்பது வயது, தினமும் அந்த ரோட்டைத் தாண்டுகிறவர். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகக் கிளம்பினார். அவர் தாண்டட்டும், பின்னாலேயே போய்விடலாம் என்று நான் நின்றிருந்தேன். நடுக்கோடு வரை போய்விட்டார். இன்னும் நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம். அப்போது வாணியம்பாடி பக்கமிருந்து வந்த லாரி ஹாரன் அடித்தது. அது தூரத்தில்தான் இருந்தது, சாவகாசமாகப் போயிருக்கலாம். ஹாரன் சத்தத்துக்கு மனுஷன் துள்ளிப் பின்னால் குதித்தார். பின்னால், இந்தப் பாதியில், வேன் வந்துகொண்டிருந்தது.

நான் மோதியதைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவருடைய வெள்ளைத் தொப்பி மட்டும் என் காலுக்குப் பக்கத்தில் மண்ணில் கிடந்தது. துளி அழுக்கில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

"லாரி அவர அடிக்கல. ஹாரன் அடிச்சிது" என்றாள் கன்னியம்மா. "அவன் நம்மளப் பாத்துட்டான்னுதான் ஹாரன் அடிக்கிறான். நாம முன்னாடி போவோம்னு கணக்குப் போட்டுத்தான் வண்டிய ஒடிக்கிறான். நாம பின்னாடி குதிச்சா அவன் இன்னா பண்ணுவான்?"

எவ்வளவு சரியான பேச்சு. அதை மனப்பாடமே பண்ணிக்கொண்டேன். திரும்பக்கூடாது, திரும்பக்கூடாது என்று ரோட்டோரத்தில் ஜெபம் மாதிரி சொல்லிக்கொள்வேன். மனப்பாடம் எல்லாம் தரையில் நிற்கும் வரைக்கும்தான்.

ஞானம் அக்கா

பாப்பாவை வீட்டில் பார்த்துக்கொண்டது ஞானம் அக்கா. என் வீட்டுக்காரரின் மூத்த சகோதரி, எனக்கு நாத்தனார். பத்து வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. அதற்கு முன்பே பேசப் பழகியிருந்ததால் பேச்சு உண்டு. தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் சத்தமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசுவார். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். காதைக் காரணம் சொல்லிக் கல்யாணம் தட்டிப்போய், எங்களோடு இருந்தார்.

காது கேட்காதவரிடம் கைக்குழந்தையா என்று சந்தில் இருந்த எல்லாரும் என்னைக் கேட்டார்கள். அவர்களுக்கு அக்காவைத் தெரியாது. பாப்பாவைத் தூளியில் போட்டு, தூளியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வார். பாப்பா அசைந்தால் கயிறு இழுக்கும். அழ ஆரம்பிப்பதற்கு முன்பே அக்கா எழுந்து நிற்பார். காது நன்றாகக் கேட்கிற நான் பல நாள் பாப்பா அழுது ஓய்ந்த பிறகுதான் விழித்திருக்கிறேன்.

அக்காவுக்கு நான் ஒரே ஒரு தடை போட்டிருந்தேன். அதுவும் காசிம் பாய் போன பிறகு.

"மெயின் ரோட்டாண்ட மட்டும் வராதிங்கக்கா."

"ஏன்? புள்ளயத் தூக்கினு கேட்டுக்கே வர்றனே. நீ அல்லாட வேணாம்."

"ஹாரன் அடிச்சா ஒங்களுக்குக் கேக்காது."

"கேக்கலன்னா இன்னா? கண்ணு இருக்குது."

"கண்ணு பத்தாதுக்கா" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லியிருப்பேன். அக்கா என் உதட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த மதியம்

அன்றைக்குக் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கில் ஒரு லாட் திரும்பிவிட்டது. மடித்த ஓரம் பிரிந்துகொண்டது. எங்கள் டேபிள் வேலைதான். சூப்பர்வைசர் பாய் முகம் வெளுத்து நின்றார். "இத முடிச்சிட்டுப் போம்மா, கொஞ்சம் பாத்துக்கோ" என்று அவர் கெஞ்சும்போது பால் டைம் கேட்க வாய் வரவில்லை. முடித்து வெளியே ஓடி வரும்போது மணி ஒன்று பத்து.

கையைக்கூடக் கழுவவில்லை. மார்பு கல்லாகக் கனத்து வலித்தது. ரோட்டோரம் வந்தால் வழக்கத்தைவிட வண்டி ஜாஸ்தி. வாணியம்பாடியில் ஏதோ ரயில்வே கேட்டை மூடித் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, லாரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கால் இறங்குகிறது, ஏறுகிறது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நாலு மாதக் குழந்தை, காலை எட்டு மணிக்குக் குடித்தது.

அப்போது ஒரு லாரி விலகியதும் எதிரே பார்த்தேன். சைக்கிள் கடை ஓரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் பாப்பா. முகம் சிவந்து, வாயை முழுக்கத் திறந்து அழுதுகொண்டிருந்தது. வண்டிச் சத்தத்தில் அழுகை எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த அழுகையை நானும் அக்காவைப் போலக் கண்ணால்தான் பார்த்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் நிற்கிற நிலை அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் பாப்பாவின் தலையை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார். இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை. தாண்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் அவர் கண் ரோட்டை விட்டு நகராது.

"அக்கா, வராதிங்க" என்று கத்தினேன். சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கேட்க வேண்டியவருக்குக் கேட்காது. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் கத்தினேன். அக்கா தாரில் இறங்கிவிட்டார்.

அதன் பிறகு யோசிக்கவில்லை. நானும் இறங்கிவிட்டேன். தினமும் இறங்கி இறங்கி ஏறிய கால், பார்க்காமல் கொள்ளாமல் ஓடியது. ஒரு சைக்கிள் என் முழங்கையில் உரசிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. நடுக்கோட்டில் போய் அக்கா மேலேயே மோதி நின்றேன்.

அக்கா சிரித்தார். ஆமாம், சிரித்தார். பாப்பாவை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் விரல்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வா, சேர்ந்து போகலாம் என்பதுபோல.

அப்போது ஹாரன் அடித்தது.

வாணியம்பாடி பக்கத்து லாரி. அடித்தவன் கையை எடுக்கவில்லை. அது ஓய்வதற்குள் வேலூர் பக்கமிருந்து பஸ், அதுவும் ஹாரன். முன்னாலும் சத்தம், பின்னாலும் சத்தம். என் காதுக்குள் வேறு எதுவும் இல்லை. பிள்ளை இல்லை, அக்கா இல்லை, கன்னியம்மா சொன்ன பாடம் இல்லை. அக்கா என் விரல்களை விடவில்லை. நான் உதறினேன்.

உதறிவிட்டுத் திரும்பி, வந்த வழியே கம்பெனி பக்கம் ஓடினேன். பெற்ற பிள்ளையை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினேன். இதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பஸ் நீளம்

என் கால் மண்ணைத் தொட்டதும் முதுகில் சூடாகக் காற்று அடித்தது. திரும்பினேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவே பஸ் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பஸ் எவ்வளவு நீளம் என்று யாராவது கேட்டால் நான் சொல்லுவேன். முதலில் டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டுகிற வாய். பிறகு ஜன்னல். ஜன்னலில் தூங்குகிற ஒரு பெரியவர். இன்னொரு ஜன்னல். கொய்யாப்பழம் கடிக்கிற ஒரு பெண், கடித்த பழத்தோடு என்னையே பார்த்தாள். இன்னொரு ஜன்னல். எந்த ஜன்னல் வழியாகவும் அந்தப் பக்கம் தெரியவில்லை. பஸ்ஸுக்கு அப்பால் லாரியின் பிரேக் கீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது. காசிம் பாயின் தொப்பி ஞாபகம் வந்தது. ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள் என்று சொன்னேன். பத்திரமான இடத்துக்கு ஓடி வந்து நின்றுகொண்டு இதைச் சொன்னேன்.

பஸ் போனது.

அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அரை அடி நகரவில்லை. வண்டிகளுக்கு இடம் விட்டு உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, பாப்பாவை இரண்டு கைக்குள்ளும் ஒடுக்கிக்கொண்டு, அந்த அழிந்த கோட்டின் மேல் நின்றிருந்தார். லாரி அவருக்கு அந்தப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து என்னென்னவோ கத்தினான். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹாரனும் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் அவரும் துள்ளியிருப்பாரோ என்னவோ.

வேலூர் பக்கம் பார்த்தார். வண்டி இல்லை என்று தெரிந்ததும் நிதானமாக நடந்து என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"புள்ளைக்குப் பசி. மொதல்ல பால் குடு" என்றார், எப்போதும் பேசுகிற அதே சத்தமான குரலில்.

கேட்டுக்குள் சைக்கிள் ஸ்டாண்டு மறைவில் உட்கார்ந்து பாப்பாவை வாங்கினேன். கையில் சொல்யூஷன் வாடை. அந்தப் பசியில் பாப்பா முகத்தைத் திருப்பவில்லை, வந்து கவ்விக்கொண்டது. பால் வரவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு முன்பு கல்லாகக் கனத்த மார்பு, ஒரு சொட்டு இறங்கவில்லை. பாப்பா சப்பிச் சப்பி விட்டுவிட்டு அழுதது. நானும் அழுதேன். அக்கா குனிந்து என் முதுகை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் பால் இறங்கியது.

வாட்ச்மேனைக் கெஞ்சி ரோட்டு நடுவில் நிற்க வைத்து, விசில் ஊதி வண்டிகளை நிறுத்தி, அக்காவையும் பாப்பாவையும் அந்தப் பக்கம் அனுப்பினோம். நான் கூடப் போகவில்லை. கால் வரவில்லை.

முகம் இந்தப் பக்கம் இல்லை

சாயங்காலம் சங்கிலியில் கைகோத்து நின்றோம். பக்கத்தில் இருந்தவள், "இன்னாடி, ஜுரமா?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரரிடம், நாளையிலிருந்து வேலைக்குப் போகவில்லை என்றேன். "இன்னாத்துக்கு?" என்றார். உடம்பு முடியவில்லை என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். இன்றைக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டிருந்தால் அக்கா என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

சோறு வடிக்கும்போது நான் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டேன். திரும்பினார்.

"அக்கா, மத்தியானம் நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. அக்கா என் உதட்டைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக முகத்தை அடுப்பு பக்கம் திருப்பிக்கொண்டார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அவர் முகம் நம் பக்கம் இருக்க வேண்டும். சோறு வடிந்து முடிகிற வரைக்கும் அவர் திரும்பவே இல்லை. அதைக் கோபம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

வடித்து முடித்த பிறகு, பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேலைய வுடாத. நாளைக்கு மதியம் கேட்டாண்டையே நில்லு. ரோட்ல எறங்காத. நான் வந்து இட்டுனு போறேன்."

நான் ஏதாவது பதில் சொல்லியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் போனேன். ராத்திரி முழுக்கப் போகக்கூடாது என்றிருந்தவள், விடிந்ததும் போனேன். பன்னிரண்டே முக்காலுக்குக் கேட்டில் வந்து நின்றேன். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அக்கா மட்டும் சந்து முனைக்கு வந்தார். ரோட்டை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நான் தடை போட்ட ரோட்டில், எனக்காக, காது கேட்காத அந்த மனுஷி இறங்கினார். நடுக்கோட்டில் நின்றார். ஒரு லாரி போனது, ஒரு பஸ் போனது. நடந்து வந்து என் எதிரே நின்றார்.

நான் கையை நீட்டினேன். விரல்களை விரித்து, சங்கிலிக்கு நீட்டுவதுபோல நீட்டினேன்.

அக்கா அதைப் பார்த்தார். "வெரலு வேணாம்" என்றார்.

என் மணிக்கட்டைப் பிடித்தார். குழந்தைகளை ரோடு தாண்டக் கூட்டிப்போகும்போது பிடிப்போமே, அந்தப் பிடி. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, நான் ஒரு பிள்ளைக்குத் தாய். இரண்டு பேரும் தாரில் இறங்கினோம். நடுக்கோட்டுக்குப் போவதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்தது. என் கை தானாகவே பின்னால் இழுத்துக்கொண்டது. அக்கா விடவில்லை. அந்தப் பக்கம் மண்ணில் போய் நின்றபோது என் கையில் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பாப்பாவுக்குப் பால் மறக்கிற வரைக்கும் அக்கா தினமும் வந்து என்னை அப்படித்தான் பிடித்துக்கொண்டு போனார்.